ஓரிக்கையில் ஒரு மோட்டார் வண்டி

காஞ்சீபுரத்துக்குத் தெற்கே பாலாற்றுப் பக்கமாயுள்ள ஓரிக்கைக்கு அப்பெயர் வந்த கதை நேயர்கள் பலர் அறிந்ததே. பல்லவ மன்னன் கணிகண்ணனை ஊரைவிட்டு ஓட்ட, அவருடைய குருவான திருமழிசையாழ்வாரும் உடன் புறப்பட, ஆழ்வார் சொன்னபடியே பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார். அவர்கள் ஓர் இரவு தங்கிய 'ஓரிருக்கை'யே ஓரிக்கையாயிற்று என்பர். பெருமாள் மறுநாளே திரும்பிவிட்டார். ஆனால் அவ்வூரில் நாம் கண்ட ஒரு மோட்டார் வண்டியோ எட்டு மாதமாகத் திண்ணையோரத்தை விட்டு அசையவில்லை!

அது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சீமையில் 1959-இல் தோன்றிய இவ்வண்டி, 1961 முதல் சென்னையை அடுத்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் கைகளால் உருவாயிற்று. 1972-இல் அதன் வாரிசாகக் 'கஸெல்' வந்தது. இன்று அத்தொழிற்சாலையும் இல்லை. புதிய ஹெரால்டும் இல்லை. எஞ்சி நிற்கும் ஒவ்வொன்றும் நம் தொழில் சரித்திரத்தின் ஓர் ஏடு.

வண்டிக்குச் சொந்தக்காரர் பட்டு நெசவுக் குடும்பத்துப் பெரியவர். அவருடைய தகப்பனார் புடவைக் கட்டுகளைச் சென்னைக்கு ஏற்றிச் சென்ற வண்டி அது. "ஐந்து மைல் போவதற்குள் கொதித்துவிடுகிறது. இஞ்சின் போய்விட்டது என்கிறார்கள். பழைய இரும்புக்காரரும் விலை பேசிவிட்டார்" என்றார், குரலில் வருத்தம் தெரிந்தது.

"ரேடியேட்டருக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?" என்று கேட்டோம்.

"வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர்தான்."

"பட்டுக்குச் சாயம் போடவும் அதே தண்ணீரா?"

"ஐயையோ, அந்த உப்புத் தண்ணீரிலா? சோப்பு நுரைக்காது, பட்டின் பசை போகாது, சாயம் திட்டுத் திட்டாய்ப் பிடிக்குமே!" என்றவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். நோயின் மூலம் அவருக்கே விளங்கிவிட்டது. பட்டுக்கு ஆகாத தண்ணீர் இரும்புக்கு மட்டும் எப்படி ஆகும்?

இஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது உண்டாகும் உஷ்ணம் 2,000 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்கிறது. 1901-இல் வெளிவந்த மெர்ஸிடஸ் வண்டிக்கு வில்ஹெல்ம் மேபாக் என்னும் ஜெர்மானியர் 8,070 சிறு குழல்களைத் தேன்கூடுபோல் அடுக்கி ரேடியேட்டர் செய்தார். காற்றுப் படும் பரப்பு அதிகமானால் சூடு விரைவில் தணியும் என்பதே தத்துவம். ஆனால் உப்புத் தண்ணீர் சூடேறும்போது அதிலுள்ள சுண்ணாம்பு பிரிந்து, நம் வீட்டு வெந்நீர்ப் பானையில் படிவதுபோலவே உள்ளே படிகிறது. இரும்பின் துரு அதனோடு சேர்ந்து சேறாகிறது. சூட்டைக் கடத்த வேண்டிய சுவர் சூட்டைத் தடுக்கும் சுவராகிவிடுகிறது.

ஊர் மெக்கானிக் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினோம். முதல் விதி: இஞ்சின் நன்றாக ஆறும்வரை மூடியைத் தொடலாகாது. அக்கால வண்டிகள் பலவற்றில் மூடி 7 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கும். அதனால் உள்ளே தண்ணீர் 110 டிகிரியிலும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணமே அது ஆவியாய்ச் சீறி முகத்தை வேகவைத்துவிடும்.

ரேடியேட்டரின் அடிக்குழாயையும் இஞ்சின் பக்கத்துக் குழாயையும் திறந்ததும், காவிக் குழம்பு போன்ற சேறு வழிந்தது. இஞ்சின் பக்கத்துக் குழாய் அடைத்திருந்ததால் கம்பியால் குத்த வேண்டியிருந்தது. பிறகு தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, லிட்டருக்குச் சுமார் 20 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி, இஞ்சினைக் கால்மணி ஓட்டி, ஆறவிட்டு வடித்தோம். அதன்பின் ரப்பர்க் குழாய்களைக் கழற்றி, தண்ணீர் வழக்கமாய் ஓடும் திசைக்கு எதிராகப் பாய்ச்சினோம். ரேடியேட்டரில் கீழிருந்து மேலாக, இஞ்சினில் மேலிருந்து கீழாக. ஒரு திசையில் சிக்கிய கசடு எதிர்த் திசையில்தான் விடுபடும். தெளிந்த நீர் வரும்வரை கழுவினோம்.

தெர்மோஸ்டாட்டை எறிந்துவிடும்படி சிலர் உபதேசிப்பதுண்டு. அது தவறு. குளிர்ந்த இஞ்சின் பெட்ரோலை வீணாக்கும், விரைவில் தேயும். பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினால், சுமார் 80 டிகிரியில் அது திறக்க வேண்டும். திறந்தால் நல்லது, இல்லையேல் புதிது போடுக. உப்பிய ரப்பர்க் குழாய்களையும் வெடித்த விசிறிப் பட்டையையும் மாற்றுக.

இறுதியில் வாலைநீரும் கூலண்டும் சரிபாதியாகக் கலந்து நிரப்பினோம். நம் நாட்டில் பனி இல்லையே, இது எதற்கு என்று கேட்கலாம். துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவுமே அது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை: கிளைக்கால் சேர்ந்த அத்திரவம் இனிக்கும் விஷம். குழந்தைகளுக்கும் கன்றுகாலிகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும். வடித்ததைத் தெருவில் கொட்டலாகாது.

அன்று மாலை பெரியவர் வண்டியைப் பாலாறு வரை ஓட்டிச் சென்று திரும்பினார். சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. வாசலில் காத்திருந்த இரும்புக்காரரிடம், "விற்பதாக இல்லை, தம்பி" என்றார்.

தறியைப் பேணத் தெரிந்த கைகளுக்கு இயந்திரத்தைப் பேணுவது அரிதன்று. நம்மவர் உழைப்பால் உருவான பொருளை, நம் அசிரத்தையால் பழைய இரும்பாக்கிவிடாமல் காப்பதும் தேசத் தொண்டே அல்லவா?