குட்டை நாற்றே நல்ல நாற்று

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்கிறோம். கேட்பதற்கு ஏதோ தலைவிதி மாதிரி இருக்கும். தக்காளி, கத்தரி, மிளகாய் விஷயத்தில் முளையில் தெரிவது பெரும்பாலும் நம் கைவேலைதான். நட்ட பிறகு எத்தனை உரம் போட்டாலும், நாற்றங்காலில் இழந்ததை முழுசாக மீட்க முடியாது. நாற்று செத்தால் விதைக் காசோடு பட்டமும் போகிறது. ஆடியில் போட்டது அழுகி, ஆவணியில் மறுபடி விதைத்தால், செடி வேர் பிடித்துப் பூக்கும் நேரத்தில் ஐப்பசி மழை வந்து நிற்கும்.

மாடித்தோட்ட நண்பர்கள் சிலர் "நாற்று நல்லா உயரமா வந்திருக்கு பாருங்க" என்று சந்தோஷமாகக் காட்டுவார்கள். அந்த உயரம்தான் கவலைப்பட வேண்டியது. வெளிச்சம் போதாத இடத்தில் முளைத்த செடி, தான் எதற்கோ அடியில் மாட்டிக்கொண்டதாக 'நினைத்து', இருக்கிற சத்தையெல்லாம் தண்டை நீட்டுவதில் செலவழிக்கிறது. இலை சிறுத்து, தண்டு வெளிறி, நூல் மாதிரி ஆகிவிடும். நட்ட அன்றே காற்றில் சாயும்.

முளைக்கும்வரை விதைக்கு வேண்டியது ஈரமும் வெதுவெதுப்பும். அதற்காகத்தான் நாற்றங்கால் பாத்தியில் வைக்கோல் மூடுகிறார்கள், குழித்தட்டுகளை அடுக்கி மூடி வைக்கிறார்கள். ஆனால் முதல் முளை தலைகாட்டியதும் மூடாக்கை எடுத்துவிட வேண்டும். "இன்னும் நாலு வரட்டும்" என்று காத்திருந்தால் முதலில் வந்தவை நீண்டுவிடும். தக்காளி சுமார் ஒரு வாரத்தில் முளைக்கும். மிளகாய்க்கு இன்னும் சில நாள் கூடுதலாகப் பிடிக்கும். அதனால் இரண்டையும் ஒரே தட்டில் போடாதீர்கள்.

அடுத்த எதிரி நாற்றழுகல். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலையில் மண்மட்டத்தில் கருகி, இற்று, படுத்திருக்கும். இதற்கு முக்கியக் காரணம் பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரி. அதன் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போகக்கூடியவை. ஆக, சொதசொதவென்று நிற்கும் ஈரம்தான் அதற்குப் பாதை. மேல்பரப்பு லேசாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விடுவது, அதையும் காலையில் விடுவது, விதையை நெருக்கிப் போடாமல் இருப்பது, இந்த மூன்றும் பாதி வைத்தியம். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்பது விதைநேர்த்திப் பரிந்துரை. வீட்டில் ஒரு பாக்கெட் விதைக்கு ஒரு சிட்டிகை தாராளம். பழைய தொட்டி மண்ணை மட்டும் நாற்றுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

நான் பயன்படுத்துவது தென்னை நார்க்கழிவும் கொஞ்சம் மண்புழு உரமும். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை ஊறவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். அவ்வளவுதான்.

அப்புறம் காற்று. செடியைத் தொட்டால், அசைத்தால் அது குட்டையாகவும் தடிமனாகவும் வளரும். இதற்கு 1973இல் மார்க் ஜாஃபே என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 'திக்மோமார்ஃபோஜெனிசிஸ்' என்று வாயில் நுழையாத பெயர் வைத்தார். நமக்கு வேண்டிய செய்தி எளிமையானது: தினமும் ஓரிரு தடவை தக்காளி நாற்றின் தலையை உள்ளங்கையால் மெல்லத் தடவிவிடுங்கள், இலை ஈரமாக இல்லாதபோது. காற்றோட்டமான மாடியில் அந்த வேலையைக் காற்றே பார்த்துக்கொள்ளும்.

வெள்ளை ஈயை மட்டும் அண்டவிடக் கூடாது. தக்காளி இலைச்சுருள் வைரஸைக் கொண்டுவருவது அதுதான். நாற்றுப் பருவத்தில் தொற்றினால் செடி காய்ப்புக்கே வராமல் போகலாம். தட்டின் மேல் கொசுவலையைவிட நெருக்கமான நைலான் வலை போட்டால் நல்லது.

நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நாற்றைக் கொஞ்சம் 'கஷ்டப்பட' விடுங்கள். தண்ணீரைக் குறைத்து, நிழல்வலையிலிருந்து எடுத்து முதல் நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று பழக்க வேண்டும். இலை கொஞ்சம் தடித்து, கரும்பச்சையாகும். தக்காளி 25 நாளிலும், கத்தரி 30-35 நாளிலும், மிளகாய் 35-40 நாளிலும் நடவுக்குத் தயார். மாலையில் நடுங்கள். தக்காளியை மட்டும் வித்திலை வரை புதைக்கலாம், தண்டிலிருந்தே வேர் விடும்.

கடையில் வாங்குகிறவர்களும் இதே கண்ணோடு பார்க்கலாம். பூ வைத்த நாற்றை ஆசையாக எடுக்காதீர்கள், அது குழியில் அதிக நாள் இருந்ததன் அடையாளம். ஒரு நாற்றை உருவிப் பாருங்கள். வேர் வெள்ளையாக, மண்கட்டியை உதிராமல் பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளலாம். பழுப்பேறி வட்டமாகச் சுற்றியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.