சட்டத்தரணியிடம் போகுமுன்...

வழக்கென்று வந்துவிட்டால் நம் சகோதரிகள் பலர் கேட்ட தொகையைக் கொடுத்து, காணி உறுதியையும் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்புகின்றனர். பிறகு தவணைக்கு மேல் தவணை. விளக்கம் கேட்கவோ தயக்கம்.

எந்த வேலைக்கு எவ்வளவு கட்டணம் என்பதை முதல் நாளே கேளுங்கள். பற்றுச்சீட்டு வாங்குங்கள். மூல உறுதியைக் கொடுத்தால், பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள்.

தாபரிப்புக்காகக் காதியிடம் செல்பவர் சட்டத்தரணிக்கென்று நகையை அடகு வைக்கத் தேவையில்லை. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி அங்கே சட்டத்தரணி தோன்றுவதில்லை. உங்கள் நியாயத்தை நீங்களே சொல்ல வேண்டும். ஏனைய வழக்குகளில் வசதியற்றோருக்கு 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு.

கடனை எழுதிக்கொள்ளும்படி சூறா அல்பகராவின் 282 ஆம் வசனம் பணிக்கிறது. சட்டத்தரணியிடம் எழுத்தில் கேட்பதும் மரியாதைக் குறைவல்ல, சகோதரிகளே!