தென்னையைத் தறிக்கத் தயங்குவது ஏன்?

வென்னப்புவவிலிருந்து மாரவில, மாதம்பை, சிலாபம் என வடக்கே செல்லும் நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் தொடரும் தென்னஞ்சோலைகளைக் கண்டு மனங்குளிராத பிரயாணிகள் இரார். ஆயினும், அண்ணாந்து அம்மரங்களின் முடியை நோக்குவோர்க்கு, கழுத்து மெலிந்து, ஓலை குறுகி, குலையிற் காய் அருகிப்போன முதிய விருட்சங்கள் அவற்றுள் அநேகம் என்பது பிரத்தியட்சமாகும். குருநாகல், கம்பஹா மாவட்டங்களுடன் புத்தளமும் சேர்ந்த இப்பிரதேசத்தைத் தெங்கு முக்கோணம் என வழங்குவர். கொப்பராவுக்கும் எண்ணெய்க்கும் உலகச் சந்தையிற் கிராக்கி ஏறிய 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்திலும் இங்கே தோட்டங்கள் பரவின. அக்காலத்து மரங்களில் எஞ்சியவையும், அடுத்த தலைமுறை நட்டவையும் இப்பொழுது முதுமையை எய்திவிட்டன. நெட்டையினத் தென்னை நட்ட 6, 7 வருஷங்களில் காய்க்கத் தொடங்கி, ஏறத்தாழ 60 வயதளவும் பிரயோஜனந் தரும். அதன்பின் அது உயிர் வாழுமேயன்றி, இட்ட உரத்துக்கும் கொடுத்த கூலிக்கும் ஈடாகக் காய்ப்பதில்லை. மூங்கிற்கழையிற் கத்தி கட்டிப் பறிப்பவனுக்கு எட்டாத உயரத்துக்கும் போய்விடுகிறது.

மூத்த தோட்டத்தைப் புதுப்பிக்கும் உபாயத்தைத் தேடிப் புத்தளம் மாவட்டத்தார் தூரதேசம் செல்லவேண்டியதில்லை. 1929இல் ஆரம்பமான தெங்கு ஆராய்ச்சித் திட்டம், லுனுவிலவிலுள்ள பண்டிரிப்புவத் தோட்டத்திலேயே நிலைகொண்டு, தெங்கு ஆராய்ச்சி நிறுவகமாக வளர்ந்திருக்கிறது. விஞ்ஞானம் அண்டை வீட்டில் இருந்தும், அது சொன்ன வழியைச் சிறுதோட்டக்காரர் பலர் பாதியளவே கைக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் விளக்கம் வேண்டும் விஷயம்.

கானாவிலும் ஐவரிகோஸ்டிலும் மூத்துப்போன கொக்கோத் தோட்டங்களைப் பற்றி இதே கவலை உண்டு; எனினும் கொக்கோ, அடித்தண்டிலிருந்து புதுத்துளிர் விடும் இயல்புடையதாதலால், அத்துளிரிலோ பழைய தண்டின் பக்கத்திலோ நல்லினத்து ஒட்டுக் கட்டி, வேரை மாற்றாமலே மரத்தை இளமையாக்கிக்கொள்ளலாம். தேயிலையும் கவ்வாத்துச் செய்தால் மீண்டும் தளிர்க்கும். தென்னைக்கோ வளரும் குருத்து ஒன்றே; அதனை வெட்டினால் மரமே பட்டுப்போகும். ஆகவே தென்னந்தோட்டத்தைப் புதுப்பிப்பதென்றால், ஒரு மரத்தின் இடத்தில் வேறொரு மரத்தை வளர்த்தெடுப்பதைத் தவிர மார்க்கமில்லை.

அதற்கு இரண்டு முறைகள் உண்டு. கிழமரங்கள் யாவற்றையும் ஒருசேரத் தறித்து, வேரோடு அகற்றி, வெறுநிலத்தில் கன்று நடுவது ஒன்று. பயிரின் நன்மை ஒன்றையே கருதினால் இதுவே சிறந்தது. நிற்கும் மரங்களின் இடைவெளியிற் கன்றுகளை நட்டு, அவை வளர வளரக் கிழமரங்களைப் படிப்படியாகத் தறித்து, சுமார் ஐந்து வருஷங்களில் பழைய தோட்டம் முழுவதையும் நீக்கிவிடுவது மற்றொன்று. இந்தக் கீழ்நடுகையில், முதலிற் காய்ப்புக் குறைந்தவற்றையும் கன்றுக்கு மிக நெருங்கி நிற்பவற்றையும் வீழ்த்தவேண்டும். மூன்றடி ஆழக் குழியின் அடியிற் பொச்சுமட்டைகளைக் குழிவான பக்கம் மேல்நோக்க இரண்டு வரிசையாக அடுக்கினால், மழைநீரை அவை உறிஞ்சி வைத்துக் கோடையில் வேருக்கு வழங்கும். தறித்த குற்றிகளைத் தோட்டத்தில் உக்கவிடுதல் பெரும் பிழை. கருவண்டு அவற்றிலே பெருகி, இளங்கன்றுகளின் குருத்தைத் துளைத்துவிடும்.

இவ்வளவும் அறிந்த தோட்டக்காரன் ஏன் கத்தியை எடுப்பதில்லை? நாட்டின் தென்னை நிலத்தில் நூற்றுக்கு எண்பது பங்களவு சிறுதோட்டங்கள் என்பதை முதலில் நினைவிற் கொள்ளவேண்டும். ஓர் ஏக்கருக்கு 64 மரம் என்பது நிறுவகத்தின் கணக்கு. முதிய மரமொன்று வருஷத்துக்கு 25 காயே தருவதாக வைத்துக்கொண்டாலும், ஏக்கருக்கு 1,600 காய் ஆகிறது. இரண்டு மாதத்துக்கொரு முறை பறிக்கும் அந்தக் காயில் வீட்டுச் சொதிக்கும் சம்பலுக்கும் எடுத்தது போக மிஞ்சியது, பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கோ மருந்துக்கோ உதவும் ரொக்கமாகும். யாவற்றையும் தறித்தால் இந்த வரவு ஆறேழு வருஷம் அற்றுப்போகும். சம்பளமோ ஓய்வூதியமோ இல்லாத குடும்பத்தை நோக்கி அவ்வளவு காலம் பொறுத்திருங்கள் என்று சொல்லுதல் எளிது. பொறுத்திருக்கும் காலத்தில் அடுப்பு எரிவது எதனால் என்ற கேள்விக்கு விடை சொல்லுதலே அரிது.

விலையும் இதிலே விசித்திரமாகக் குறுக்கிடுகிறது. தேங்காய் மலிந்த காலத்திற் குழி வெட்டவும் கன்று வாங்கவும் கையிற் பணமிராது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு தேங்காய் 200 ரூபாயளவில் விற்றதே, அத்தகைய காலத்திலோ, ஐந்து காய் தரும் மரத்தையும் வீழ்த்த மனம் வராது. இவற்றோடு காணிக்காரரின் வயதையும் சேர்த்து எண்ணவேண்டும். மக்கள் வெளிநாட்டில் இருக்க, காணியைச் சீதனமாகப் பங்கிட்டோ பேர்ச் கணக்கிற் பிரித்து வீட்டு மனையாக விற்றோ விடலாமென்ற யோசனையும் பக்கத்தில் நிற்க, அறுபதைக் கடந்த ஒருவர் எவருக்காகக் கன்று நடுவது என்று கேட்பாரானால், அவரை அறியாமையுடையவர் என்று கூறுவது நியாயமாகாது.

எனவே சிறுதோட்டக்காரர் கீழ்நடுகையை விரும்பியது இயல்பே. வரவு அறாமற் புதுப்பிக்க அதுவே ஏற்றது. ஆனால் அம்முறை தடைப்படும் இடம் நடுகையன்று, தறிப்பே. கன்று நட்டு நாலைந்து வருஷம் கழிந்தும் கிழமரங்கள் அப்படியே நிற்குமாயின், நிழலில் அகப்பட்ட கன்று வெயிலைத் தேடி மெலிந்து நீண்டு, வேர்ப்போட்டியில் நீரும் உரமும் இழந்து, காய்க்கும் பருவத்தைப் பின்தள்ளிவிடும். ஈற்றில் இரு தலைமுறை மரங்களும் நலிந்த தோட்டமே மிஞ்சும். என் அபிப்பிராயத்தில், உதவிப்பணம் கன்றை எண்ணிக் கொடுப்பதோடு நில்லாது, வீழ்த்திய கிழமரத்தையும் எண்ணிக் கொடுக்கப்படவேண்டும். கடைசித் தவணையே கனமானதாக இருத்தல் வேண்டும். 1953ஆம் ஆண்டின் இறப்பர் மீள்நடுகை மானியச் சட்டம், பழைய மரத்தை அகற்றி நல்லினத்தை நடுவோர்க்கு இந்நாட்டில் ஏற்கெனவே வழிகாட்டியிருக்கிறது.

எந்தக் கன்றை நடுவது என்பதும் அற்ப விஷயமன்று. இம்மாவட்டத்து அம்பகெலேயில், வேற்று மகரந்தம் வந்து கலவாதபடி காடு சூழ்ந்த இடத்தில், 1955இல் விதைத்தோட்டம் அமைக்கப்பட்டது. குட்டையும் நெட்டையும் கலந்த இனம் நாலு வருஷமளவிற் காய்த்துக் காத்திருப்பைக் குறைக்கும். ஆயின் வரட்சிக்கு அது எளிதிற் சோர்வதால், மழை குறைந்த புத்தளத்துக்கும் கற்பிட்டி மணலுக்கும் தேர்ந்த நெட்டையினமே தகும், அதுவும் முதலிரண்டு கோடைகளில் தண்ணீர் ஊற்ற வசதியிருந்தால். காயின் காம்படியைச் சுரண்டி உருக்குலைக்கும் தென்னைச் சிற்றுண்ணி 1997இன் இறுதியில் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்டது அக்கற்பிட்டிக் குடாநாட்டிலேயே. அந்த நஷ்டத்தை அனுபவித்தவர்கள் புதுக்கன்றில் முதலிட யோசிப்பதையும் புரிந்துகொள்ளவேண்டும்.

அரை ஏக்கர் உள்ளவர் கூடப் பெருஞ்செலவின்றி ஆரம்பிக்கலாம். ஒரு வருஷத்துப் பறிப்பு ஆறிலும் மரத்துக்கு மரம் காயை எண்ணி, தண்டில் இலக்கமிட்டுக் குறித்து வந்தால், உரத்தைத் தின்று ஒன்றும் தராத மரங்கள் எவையென்பது ஐயமற விளங்கும். அவற்றை முதலில் தறிப்பதால் வரவிற் குறையும் காய் மிகச் சில. கன்றுக்குத் தெங்குப் பயிர்ச்செய்கைச் சபையின் பிராந்திய அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்து, புரட்டாதிக்குள் குழி வெட்டி மட்டையடுக்கி விட்டால், ஐப்பசி, கார்த்திகை மழை வந்தவுடன் நடலாம்.