ஆஃப் பண்ணலாமா மாப்ளே?

மழை இரவு. நந்தனம் சிக்னல். சிவப்பு எண் 90-லிருந்து இறங்க ஆரம்பித்தது. இன்ஜினை ஆஃப் செய்தேன். (பி.காம். படித்தவன் சார். சிக்கனம் ரத்தத்தில் ஊறிய வியாதி!)

பக்கத்து சீட்டில் மாமனார். "சும்மா சும்மா ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணா பேட்டரி போயிடும் மாப்ளே..."

"அதெல்லாம் அந்தக் காலம் மாமா" என்றேன் அலட்சியமாக.

பச்சை விழுந்தது. சாவியைத் திருப்பினேன். 'டிக்... டிக்... டிக்...' அவ்வளவுதான்! பின்னாலிருந்து ஹாரன் கச்சேரி. 68 வயது மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கித் தள்ளினார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் புதுப்பேட்டை மெக்கானிக்கிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஆஃப் பண்ணிட்டு உள்ள என்னென்ன ஓடிட்டிருந்தது சார்?"

ஹி... ஹி... ஹெட்லைட், வைப்பர், ப்ளோயர், போதாக்குறைக்கு இளையராஜா.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். சின்ன பெட்ரோல் கார் ஸ்டார்ட் ஆகும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் சுமார் 150 ஆம்பியர் இழுக்கும். பயங்கரம்தான். ஆனால், ஒரு விநாடிதானே! 35 ஆம்பியர்-அவர் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், அதன் இருப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் செலவு. வண்டி ஓடினால் ஆல்டர்னேட்டர் அதைச் சில நிமிஷங்களில் திருப்பிக் கட்டிவிடும்.

ஹெட்லைட்டும் ப்ளோயரும் சேர்ந்து சுமார் 20 ஆம்பியர். 90 விநாடி ஓடினால்? 12 முறை ஸ்டார்ட் செய்த செலவு! ஆக, பேட்டரியைச் சாப்பிட்டது சாவி இல்லை, நான்தான்.

அதோடு என் பேட்டரிக்கு வயது நாலு. முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றாலே பாதி காலி. மெக்கானிக் வைத்த மீட்டரில் என்னுடையது 11.9! அந்த 'டிக் டிக்' என்ன தெரியுமா? ஸ்டார்ட்டரின் சோலினாய்டு பிடிக்கப் பார்த்து, வோல்டேஜ் படுத்துவிட, கையை விட்டு விட்டுப் பிடிக்கிற சத்தம். அதற்கும் காரணம் நான்தான். தினமும் ரெண்டு கிலோமீட்டர் ஆபீஸ், ரெண்டு கிலோமீட்டர் வீடு. எடுத்ததைத் திருப்பிக் கட்ட நேரமே தருவதில்லை. பாதி சார்ஜிலேயே கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும். சென்னை வெயில் வேறு, அதன் பங்குக்கு ஆயுளைக் குறைக்கும்.

ஸ்டார்ட்டர் கதை வேறு. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் கார்பன் பிரஷ் கொஞ்சம் தேயும், நிஜம்தான். ஆனால், அதைச் சீக்கிரம் கொல்வது நம் முரட்டுத்தனம். பிடிக்காத வண்டியை அரை நிமிஷம் 'கர்ர்ர்' என்று விடாமல் சுற்றினால் மோட்டார் கொதித்துவிடும். அஞ்சு விநாடி சுற்று, அரை நிமிஷம் ஓய்வு. இதுதான் மெக்கானிக் சொன்ன பத்தியம். (1912-ல் கேடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வருவதற்கு முன் கைப்பிடியைச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்தார்கள். கை உடைந்தவர்கள் உண்டு. நமக்குச் சாவி திருகவே சலிப்பு!)

சிக்னலில் தானே அணைந்து தானே கிளம்புகிற கார்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவற்றில் ஏ.ஜி.எம். அல்லது ஈ.எஃப்.பி. வகை பேட்டரி, பலப்படுத்திய ஸ்டார்ட்டர். மாற்றும்போது விலை குறைவு என்று சாதா பேட்டரியை மாட்டினால் வம்பு.

சரி, மிச்சம் எவ்வளவு? சின்ன கார் நின்றபடி ஓடினால் மணிக்கு முக்கால் லிட்டர் குடிக்கும் என்று வையுங்கள். 90 விநாடிக்கு ஏறக்குறைய 19 மில்லி. லிட்டர் 100 ரூபாய் என்றால் 1 ரூபாய் 90 காசு. தினம் பத்து சிக்னல், மாதம் 25 நாள்... 475 ரூபாய்! வருடத்தில் ஒரு பேட்டரியே வாங்கிவிடலாம். பத்து விநாடி நிற்கிற சிக்னலுக்கு மட்டும் இந்த வேலை வேண்டாம்.

புது பேட்டரி போட்டாச்சு. நேற்று அதே சிக்னல். 85, 84... சாவியில் கை வைத்தேன். எனக்கு முன்பே மாமனார் ப்ளோயரை அணைத்துவிட்டு, சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிக்கொண்டார்.

"பாட்டும் வேணாம் மாப்ளே..."