தீராத வலிக்கு ஹிப்னோதெரபி: எதுவரை உதவும்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளைச் சுற்றியுள்ள ஊர்களில் கரும்பு வெட்டுவதும், கட்டுக் கட்டி லாரியில் ஏற்றுவதும் பலருக்குப் பிழைப்பு. மேலே கல்வராயன் மலையில் சரிவான கொல்லைகளில் மரவள்ளியும் சாமையும் விளைகின்றன. களையெடுப்பு, அறுப்பு, சுமை தூக்குவது என எல்லாமே முதுகை வளைத்துச் செய்யும் வேலை. ஆண்டுக்கணக்கில் இப்படி உழைத்த உடம்பில் இடுப்பு வலியும் மூட்டு வலியும் வந்து தங்கிவிடுகின்றன. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவம் ‘நாள்பட்ட வலி’ என்கிறது. புண் ஆறிய பிறகும் அது ஆறாமல் இருக்கலாம்.

இந்த வலிக்கு ஏழைகள் தேடும் வழிகள் நமக்குத் தெரிந்தவைதான். மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை, ‘ஒரு ஊசி போட்டா சரியாயிடும்’ என்ற நம்பிக்கை, சாயங்காலம் கொஞ்சம் குடி. வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். குடியின் விலை என்ன என்பதை 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது இந்த மாவட்டம் பார்த்தது. ‘உடம்பு வலிக்குதுன்னுதான் குடிக்கிறேன்’ என்று கூலி வேலை செய்பவர்கள் சொல்வதைச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. அவர்களுக்கு வேறு வழிகளும் தெரிந்திருக்க வேண்டும். உலகின் பல மருத்துவமனைகளில் பயன்படும் அத்தகைய ஒரு வழி, ஹிப்னோதெரபி எனப்படும் அறிதுயில் சிகிச்சை.

இது தூக்கமா, வசியமா?

இரண்டும் இல்லை. மேடையில் ஒருவரைக் கோழியாகக் கூவ வைக்கும் வேடிக்கைக்கும் இந்தச் சிகிச்சைக்கும் தொடர்பு கிடையாது. நோயாளி உட்கார்ந்தோ சாய்ந்தோ இருப்பார். மூச்சிலோ ஒரு காட்சியிலோ கவனத்தைக் குவிக்கச் சொல்லி, உடம்பைத் தளர்த்த வைப்பார்கள். கவனம் நன்றாகக் குவிந்ததும், வலி உணரப்படும் விதத்தை மாற்றும் யோசனைகளை மெதுவாகச் சொல்வார்கள். வலிக்கும் இடம் குளிர்ந்து மரத்துப்போகிறது, எரிச்சல் வெறும் கதகதப்பாக மாறுகிறது என்பது போன்றவை அவை. நோயாளிக்கு நினைவு தப்பாது. பேச்சு கேட்கும், வேண்டாம் என்றால் கண்ணைத் திறந்து எழுந்துவிடலாம்.

சில அமர்வுகளில் பழகியதும், அதையே வீட்டில் தானாகச் செய்யக் கற்றுத் தருவார்கள். நாள்பட்ட வலிக்கு இந்தச் சுயப் பயிற்சிதான் சிகிச்சையின் முக்கியப் பகுதி.

வலியை மனம் எப்படி மாற்றும்?

அறுப்பு மும்முரத்தில் கையில் பட்ட அரிவாள் கீறல், வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் எரியும். காயம் அப்போதும் இருந்தது, நரம்பு செய்தி அனுப்பியும் இருக்கும். அந்தச் செய்திக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதை மூளையும் தண்டுவடமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரு அறிவியலாளர்கள் 1965இல் இதைத்தான் ‘வாயில் கோட்பாடு’ என்று விளக்கினார்கள். வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடந்தே மேலே போகிறது. அந்த வாயிலைத் திறக்கவும் ஒடுக்கவும் மூளையால் முடியும்.

1997இல் கனடாவில் பியர் ரென்வில் குழுவினர், அறிதுயிலில் வேதனை மாறுவதை மூளைப் படங்களில் பார்த்தார்கள். பங்கேற்றவர்களின் கையைச் சூடான நீரில் வைத்து, வலியின் வேதனை குறைகிறது அல்லது கூடுகிறது என்று அறிதுயில் நிலையில் சொன்னார்கள். நீரின் சூடு மாறவில்லை. ஆனால் வேதனையோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் இயக்கம் சொல்லுக்கு ஏற்ப மாறியது.

ஆகவே, அறிதுயிலால் வலி குறைந்தது என்பதற்காக அந்த வலி கற்பனை என்று ஆகிவிடாது. ‘எல்லாம் உன் மனசுலதான் இருக்கு’ என்று வீட்டிலும் மருத்துவமனையிலும் கேட்டுக் கேட்டு நொந்தவர்கள் ஏராளம், அதிலும் பெண்கள். வலி உண்மை. எல்லா வலியும் மூளையில்தான் உணரப்படுகிறது, அதனால்தான் மனப் பயிற்சிக்கும் அங்கே வேலை இருக்கிறது.

இந்திய மண்ணில் இதன் வேர்

இந்தச் சிகிச்சையின் வரலாற்றில் இரண்டு இந்தியப் பக்கங்கள் உண்டு. கோவாவின் கண்டோலிமில் 1756இல் பிறந்த அபே ஃபரியா என்ற பாதிரியார், பாரிஸில் ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தார். மயக்க நிலை, செய்பவரின் உடலிலிருந்து பாயும் காந்த சக்தியால் வருவதல்ல, அதற்கு ஆட்படுபவரின் மனத்திலிருந்தே வருகிறது என்றார். இன்றைய அறிவியலும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. பனாஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது.

இன்னொருவர், வங்காளத்தின் ஹூக்ளியில் பணியாற்றிய ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல். மயக்க மருந்து வருவதற்கு முன்பு, 1845 ஏப்ரலில், ஒரு கைதிக்கு இந்த முறையில் வலி தெரியாமல் சிகிச்சை செய்ததாகப் பதிவு செய்தார். பிறகு பெரிய கட்டிகளையும் இப்படியே அகற்றினார். 1846இல் கல்கத்தாவில் இதற்கென்றே ஒரு சோதனை மருத்துவமனையை அரசு அனுமதித்தது. ஈத்தரும் குளோரோஃபார்மும் வந்ததும் இந்த முறை பின்தங்கியது. அவருடைய முதல் நோயாளி கைதி என்பதை மறக்கக் கூடாது. மறுத்துப் பேசும் இடத்தில் அவர் இல்லை. இன்று நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, அவருடைய முழு சம்மதத்தோடு மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

ஆதாரம் எவ்வளவு?

புற்றுநோயுடன் வரும் நாள்பட்ட வலியைக் குறைப்பதில் அறிதுயிலுக்கு வலுவான சான்று இருப்பதாக அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு 1996இல் கூறியது. மருந்துக்கு அடங்காத குடல் எரிச்சல் நோய்க்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2008இல் சொன்னது. 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 85 சோதனைகளை ஒன்றாகப் பார்த்தது. யோசனைகளை எளிதில் ஏற்கும் இயல்புள்ளவர்களுக்கு வலி 42 சதவீதமும், நடுத்தரமாக ஏற்பவர்களுக்கு 29 சதவீதமும் குறைந்தது. அவ்வளவாக ஏற்காதவர்களுக்குப் பலன் மிகக் குறைவு. இவை ஆய்வகத்தில் உண்டாக்கப்பட்ட வலியில் கண்ட அளவுகள். ஆண்டுக்கணக்கில் ஊறிய இடுப்பு வலியில் இதே அளவை எதிர்பார்க்கக் கூடாது.

அதனால் இதை மாற்றுச் சிகிச்சையாகக் கொள்ளாமல், துணைச் சிகிச்சையாகவே கொள்ள வேண்டும். மருந்து, பிசியோதெரபி, உடற்பயிற்சி, தூக்கம் இவற்றோடு சேரும்போது, பலருக்கு வேதனை தணிந்து நடமாட்டம் கூடலாம். தேய்ந்த மூட்டை இது வளர்க்காது, நழுவிய முதுகெலும்புத் தட்டைச் சரி செய்யாது.

எச்சரிக்கைகள்

காரணம் தெரியாத வலியை அறிதுயிலால் அடக்குவது ஆபத்து. முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும். கால் மரத்துப்போவது, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போவது, காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, இரவில் எழுப்பும் வலி ஆகியவை இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய் உள்ளவர்களுக்கு மனநல மருத்துவரின் ஆலோசனை இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

யாரிடம் போவது என்பதும் முக்கியம். மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பரில் பிறப்பித்த ஆணை, ஹிப்னோதெரபியை ஒரு சிகிச்சை முறையாக ஏற்று, தகுந்த பயிற்சி பெற்றவர்களே செய்யலாம் என்றது. மனநல மருத்துவர், அல்லது இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் என்றால் நம்பிப் போகலாம். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை. ஒரே அமர்வில் குணம் என்பவர், மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்பவர், முற்பிறவியைக் காட்டுகிறேன் என்பவர் ஆகியோரை விட்டு விலகிவிடுங்கள்.

கள்ளக்குறிச்சியில் என்ன செய்யலாம்?

2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்குச் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கிடைத்திருக்கிறது. தீராத வலி உள்ளவர்கள் முதலில் அங்கே எலும்பு மருத்துவரையோ பொது மருத்துவரையோ பார்த்துக் காரணத்தை உறுதி செய்துகொள்ளலாம். வலியோடு தூக்கமின்மையும் மனச்சோர்வும் இருந்தால் மனநலப் பிரிவையும் கேட்க வேண்டும். 14416 என்ற ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மலைமக்களுக்கு உள்ள இடைஞ்சல் தூரம். வெள்ளிமலையைச் சுற்றியுள்ள கிராமத்திலிருந்து இறங்கி வந்து போனால் ஒரு நாள் கூலி போய்விடும். வாராவாரம் வரச் சொல்லும் எந்தச் சிகிச்சையும் அங்கே நிலைக்காது. கற்றுக்கொண்டபின் காசில்லாமல் வீட்டிலேயே செய்துகொள்ளும் சுயப் பயிற்சி, அதனால்தான் இந்த மலைக்குப் பொருந்தக்கூடியது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபியும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு வருகின்றன. அந்தப் பணியாளர்களுக்கு, மருத்துவ உளவியலாளரின் மேற்பார்வையில், உடலைத் தளர்த்தும் எளிய பயிற்சிகளைக் கற்றுக்கொடுக்கலாம். அறிதுயில் தேவைப்படுபவர்களை உளவியலாளரிடம் அனுப்பி வைக்கலாம். பயிற்சியின் பேச்சு மலையாளிப் பழங்குடி மக்களின் வழக்கில், அவர்கள் அறிந்த ஓடையையும் தோப்பையும் காட்டுவதாக இருக்க வேண்டும். கடற்கரையைக் கற்பனை செய்யச் சொன்னால், கடலைப் பார்க்காதவருக்கு அதில் மனம் குவியாது.

இதற்குப் பெரிய கட்டடமோ விலை உயர்ந்த கருவியோ தேவையில்லை. பயிற்சி பெற்ற ஆட்களும், ஒரு நோயாளிக்கு அரை மணி நேரம் ஒதுக்கும் ஏற்பாடும் தேவை. கூட்டம் நெரியும் புறநோயாளிகள் பிரிவில் கிடைப்பதற்கு அரியது அந்த அரை மணி நேரம்தான். வாரத்தில் ஒரு நாளாவது வலிக்கென்று தனிப் பிரிவு நடத்தி, மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் உளவியலாளரும் ஒரே இடத்தில் நோயாளியைப் பார்க்க மாவட்ட நிர்வாகம் வழி செய்ய வேண்டும். ‘வலிக்குது’ என்று சொல்லி வருபவரை நம்பி, உட்கார வைத்துக் கேட்பதே அங்கே முதல் சிகிச்சையாக இருக்கட்டும்.