சாவி பையில் இருக்கட்டும், கவனம் கையில் இருக்கட்டும்

பேராக் மாநிலத்துக்கும் காருக்கும் உள்ள உறவு பழையது. 1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் உலகமெங்கும் கார்கள் பெருகியபோது, அவற்றின் டயர்களுக்காகத் தோட்டங்கள் விரிந்தன. அங்கே பால் வெட்டியவர்களுக்குச் சொந்தக் கார் என்பது எட்டாக் கனி. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தாமான் வீடுகளின் வாசலில் கார் நிறுத்துகிறார்கள். அதுவும் சாவியைத் துளையில் செருகித் திருக வேண்டாத கார்!

ஒரு காலத்தில் இது விலையுயர்ந்த கார்களுக்கு மட்டுமே உரிய வசதி. 2017-இல் வந்த மூன்றாம் தலைமுறை பெரோடுவா மைவி அதைச் சாதாரணக் குடும்பங்களுக்கும் கொண்டு வந்தது. பேராக்கின் தஞ்சோங் மாலிமில் தயாராகும் புரோட்டோன் எக்ஸ்70, எக்ஸ்50 கார்களிலும் இது உண்டு. வசதி வந்துவிட்டது. ஆனால், அதன் குணம் வீட்டில் உள்ள எல்லாருக்கும் தெரியுமா?

எப்படித் திறக்கிறது?

கைப்பிடியைத் தொட்டதும் அல்லது அதிலுள்ள சிறு பொத்தானை அழுத்தியதும், கார் மெல்லிய அலை ஒன்றை அனுப்பி, "யார் அது?" என்று கேட்கிறது. அந்த அலை சுமார் ஒரு மீட்டர் தூரமே எட்டும். பையில் இருக்கும் சாவி அதைக் கேட்டு, இரகசியக் குறியீட்டில் பதில் சொல்கிறது. பதில் சரியாக இருந்தால் கதவு திறக்கும். காருக்குள் சாவி இருப்பது உறுதியானால்தான் இஞ்சின் பொத்தானும் வேலை செய்யும். இந்தப் பேச்சுவார்த்தை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது.

சாவி செத்துவிட்டால்?

இரவு பத்து மணி. மகன் கோலாலம்பூரில் வேலை செய்கிறான். அவன் வாங்கித் தந்த காரில் அப்பா மருத்துவமனைக்குப் புறப்படுகிறார். கதவு திறக்கவில்லை. இப்படி ஒரு நிலை வந்தால் பதற வேண்டியதில்லை. பெரும்பாலும் சாவியில் உள்ள வட்டப் பேட்டரி தீர்ந்திருக்கும்.

பெரும்பாலான சாவிகளுக்குள் ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது. அதை உருவிக் கதவைத் திறக்கலாம். சில கார்களில் சாவித் துளையைச் சிறு மூடி மறைத்திருக்கும். உள்ளே ஏறியதும், பிரேக்கை மிதித்துக்கொண்டு, சாவியை இஞ்சின் பொத்தானோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். சாவிக்குள் இருக்கும் சில்லுக்குப் பேட்டரி தேவையில்லை. கார் அனுப்பும் காந்த அலையே அதற்கு மின்சாரம் தருகிறது. சில கார்களில் சாவியை வைக்க வேண்டிய இடம் வேறாக இருக்கும். கையேட்டில் அது குறிக்கப்பட்டிருக்கும். சில வெள்ளிக்குக் கிடைக்கும் மாற்றுப் பேட்டரியை வீட்டில் வாங்கி வைப்பது நல்லது.

சாவி இறங்கிப் போனால்?

கணவர் காரை ஓட்டி வந்து ஈப்போ ரயில் நிலையத்தில் இறங்குகிறார். சாவி அவர் சட்டைப் பையில். மனைவி அப்படியே காரை ஓட்டிச் செல்கிறார். கார் 'பீப்' ஒலி எழுப்பி எச்சரிக்கும். ஆனால், ஓடும் இஞ்சின் நிற்காது. நடுவழியில் நின்றால் ஆபத்து என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால், வீட்டுக்குப் போய் நிறுத்திவிட்டால் மீண்டும் கிளம்பாது. கணவரோ ரயிலில் போய்க்கொண்டிருப்பார்! எனவே, ஓட்டுநர் மாறும்போது சாவியும் கை மாற வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பழைய காரில் சாவியை உருவினால் இஞ்சின் நின்றுவிடும். இதில் அந்தப் பழக்கம் போய்விட்டது. சத்தம் குறைந்த கார்களில் இஞ்சினை நிறுத்த மறந்து இறங்குவோர் உண்டு. வீட்டோடு ஒட்டிய மூடிய கொட்டகையில் கார் ஓடிக்கொண்டிருந்தால், மணமில்லாத கார்பன் மோனாக்சைடு வாயு வீட்டுக்குள் நுழைந்து உயிரைக் குடிக்கும். அமெரிக்காவில் இவ்வாறு பலர் மாண்டிருக்கிறார்கள்.

திருடனின் தந்திரம்

சாவியின் இரகசியக் குறியீட்டைத் திருடன் உடைக்க வேண்டியதில்லை. ஒருவன் கருவியோடு காரின் அருகே நிற்பான். இன்னொருவன் வீட்டுச் சுவரோரம் நிற்பான். காரின் கேள்வியை இருவருமாகச் சாவி வரை கடத்துவார்கள். மேசை மேல் இருக்கும் சாவி, கார் பக்கத்தில் இருப்பதாக நம்பிப் பதில் சொல்லிவிடும். 2011-இல் சூரிக் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 கார் வகைகளில் இதைச் சோதித்தார்கள். பத்தும் ஏமாந்தன. அலை போய்வரும் நேரத்தை அளந்து தூரத்தைக் கணிக்கும் புதிய சாவிகள் இதைத் தடுக்க வந்துள்ளன. பழைய சாவி வைத்திருப்பவர்களுக்கு மூடியுள்ள தகர பிஸ்கட் டின்னே காவல். சாவியை அதில் போட்டு மூடி, கார் அருகே கொண்டு போய்க் கைப்பிடியைச் சோதிக்க வேண்டும். கதவு திறக்காவிட்டால் டின் நல்ல டின்.

பேரங்காடி கார் நிறுத்துமிடத்தில் இன்னொரு தந்திரம். ரிமோட்டை அழுத்தும் வேளையில், அதே அலைவரிசையில் வேறொரு கருவியை அழுத்திக் குறுக்கிடுவார்கள். கதவு பூட்டாது. உரிமையாளர் பூட்டியதாக நினைத்து நடந்துவிடுவார். விளக்கு மின்னியதா, ஒலி கேட்டதா என்று பார்த்த பிறகே நகர வேண்டும். கைப்பிடியை இழுத்துப் பார்ப்பதும் நல்லதுதான். ஆனால், தொட்டாலே திறக்கும் கார்களில் சாவி பையில் இருந்தால், சோதித்த கையே கதவைத் திறந்துவிடும்! அவ்வகைக் கார்களில் சாவி வைத்திருப்பவர் சில மீட்டர் தள்ளி நிற்க, உடன் வந்தவர் இழுத்துப் பார்க்கலாம்.

தோட்டத்து லயத்தில் ஒருவர் வீட்டை இன்னொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் காவல் இன்று இல்லை. காரை வாங்கித் தரும் பிள்ளைகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, அம்மா அப்பாவின் கையில் சாவியைக் கொடுத்து, உள்ளிருக்கும் இரும்புச் சாவியை உருவவும், பேட்டரி இல்லாமல் இஞ்சினைக் கிளப்பவும் ஒரு தடவை செய்து பார்க்கச் சொல்ல வேண்டும். கார் வாங்கித் தருவது பாசம் என்றால், இதைச் சொல்லித் தருவதும் பாசம்தான்.