பாபேல் கதையும் பிரிவினை அறமும்

விவிலியத்தின் ஆதியாகமம் 11ஆம் அதிகாரத்தில் வரும் பாபேல் கோபுரக் கதை ஒன்பதே வசனங்களில் முடிகிறது. ஒரே மொழி பேசிய மாந்தர் வானளாவிய கோபுரம் எழுப்ப முனைந்தனர். இறைவன் அவர்தம் மொழியைக் குழப்பி, அவர்களை உலகெங்கும் சிதறச் செய்தார். இதனை நடந்த வரலாறாகவே கொண்டு, அதிலிருந்து அறம் வகுக்கப் புகுந்தால் யாது நேரும்? தென்னாப்பிரிக்க வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகிறது. அவ்வரலாற்றில் தமிழரும் உளர்.

1944இல் புளூம்ஃபொன்டீன் நகரில் கூடிய மாநாடொன்றில் ஜே. டி. டு டோய்ட் என்னும் இறையியலாளர் உரையாற்றினார். டோட்டியஸ் என்ற புனைபெயரில் கவிதை எழுதியவர். விவிலியத்தை ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் பெயர்த்தோருள் முதன்மையானவர். இறைவன் பிரிப்பவர், பாபேலில் அவர் பிரித்தவற்றை மனிதர் சேர்த்தலாகாது என்பதே அவர் வாதத்தின் சாரம். 1948இல் இன ஒதுக்கல் அரசின் கொள்கையாயிற்று. 1974இல் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபை வெளியிட்ட அறிக்கையும் இக்கதையைத் தனக்குத் துணையாகக் கொண்டது.

1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றோருள் தமிழர் பலர். குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்தம் வழியினர் இடம் பெயர்க்கப்பட்டனர். டர்பன் நகரின் கேட்டோ மேனரில் வீடும் தோட்டமும் கோயிலும் அமைத்து வாழ்ந்தோர் சாட்ஸ்வொர்த் முதலிய பகுதிகளுக்குச் செல்ல நேர்ந்தது. அச்சட்டத்தைப் பிறப்பித்தவை அரசியலும் பொருளியலுமே. எனினும், அதனை ஏற்ற கிறித்தவரின் மனச்சான்றை உறுத்தாமல் காத்ததில் இவ்வாசிப்புக்கும் பங்குண்டு.

மொழியியல் இங்கு என்ன கூறும்? பாபேலுக்கு முந்திய 10ஆம் அதிகாரத்திலேயே நோவாவின் வழியினர் தத்தம் மொழிப்படி பிரிந்திருந்தனர் எனக் காண்கிறோம்; 11ஆம் அதிகாரமோ உலகம் ஒரே மொழி பேசியது எனத் தொடங்குகிறது. கானான் காமின் மகன் என்கிறது அப்பட்டியல். ஆனால், கானானியர் பேசிய பினீசிய மொழி, சேமின் வழியினர் எனப்படும் எபிரேயரின் மொழிக்கு மிக நெருங்கிய உறவுடையது. சேமின் மகனாகச் சொல்லப்படும் ஏலாமின் பெயர் தாங்கிய ஏலாமிய மொழியோ செமித்தியக் குடும்பத்தைச் சார்ந்ததன்று. ஆகவே, இப்பட்டியல் மொழிக்குடும்ப அட்டவணையாகாது. பண்டைய மக்கள் தம் அண்டையாரை உறவுமுறையில் வைத்து எண்ணிய முறையாகவே இதனைக் கொள்ளல் தகும்.

இதனினும் நுட்பமான இடறல் ஒன்றுண்டு. கதையில் உள்ளது 'சிதறச் செய்தார்' என்னும் இறந்தகால வினைமுற்று. பிரிவினை அறத்தில் உள்ளது 'பிரிந்தே வாழ்க' என்னும் வியங்கோள். முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்ல இலக்கணத்தில் வழியில்லை. வாசிப்பவரே பாலம் கட்டுகிறார். கட்டியபின், அப்பாலமும் இறைவாக்கே என நம்புகிறார்.

அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில் பவுலின் உரையொன்று உள்ளது. மாந்தரெல்லாம் ஒரே மூலத்தினர் என்பதும், அவரவர் வாழிடங்களுக்கு எல்லை வகுக்கப்பட்டது என்பதும் அதன் ஒரே வசனத்தில் வருகின்றன. அடிமை முறையை எதிர்த்தோர் முதற்பகுதியை எடுத்தனர். இன ஒதுக்கலை ஆதரித்தோர் பிற்பகுதியை எடுத்தனர். இரு சாராரும் நூலை நேர்ப்பொருளிலேயே படித்தனர். எப்பகுதியைக் கட்டளையாக்குவது என்னும் தேர்வு மனிதருடையது. அத்தேர்வுக்கான பொறுப்பும் அவருடையதே.

கிறித்தவ உலகம் இதனை உணராமல் இல்லை. 1982இல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு, இன ஒதுக்கலுக்கு இறையியல் நியாயம் கற்பிப்பது சமயப் பிறழ்வு என அறிவித்தது. 1986இல் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையும் விவிலியத்தால் இன ஒதுக்கலை நியாயப்படுத்த முயன்றது பிழையென ஏற்றது. விவிலியம் மாறவில்லை, அதனை வாசித்த முறையே மாறியது.

இஃது ஒரு சமயத்தார்க்கே உரிய சிக்கலன்று. இறையனார் களவியல் உரை முச்சங்கங்களின் காலத்தை 4440, 3700, 1850 ஆண்டுகள் என்கிறது. மூன்றும் 37இன் மடங்குகள். இவற்றை நாட்குறிப்பாகப் படிப்போர், தமிழின் தொன்மை மீது உரைகாரர் காலத்தவர் கொண்டிருந்த பெருமிதத்தைக் காணத் தவறுவர். தொன்மை பற்றிய பெருமிதம் பிறமொழியாரைத் தாழ்த்தும் விதியாகும்போது, அங்கும் வினைமுற்று வியங்கோளாகிறது.

பழம்பனுவல்களைக் கற்பிக்கும் ஆசிரியர் மாணவரிடம் இரு வினாக்களைத் தனித்தனியே எழுப்புதல் நன்று: நூல் என்ன கூறுகிறது? அதனால் நாம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்பவர் யார்?